‘நீங்கள் நுகர்வோரே இல்லை’ என்றால்? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. பொருளில் பழுது இருப்பதை எதிர்த்தரப்பு மறுக்கவில்லை. ‘நீங்கள் நுகர்வோரே இல்லை, அதனால் வழக்குப் போட முடியாது’ என்கிறது. சாதாரண ஆட்கள் மனம் தளர்ந்து திரும்பிவிடும் இடம் இதுதான். அதனால் இம்முறை அந்தக் கேள்விகளையே எடுத்துக்கொண்டோம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன் பிரிவு 2(7) வாங்கியவர் ஏழையா, கம்பெனியா, டிரஸ்டா என்று கேட்பதில்லை. எதற்காக வாங்கினார் என்று கேட்கிறது.

தவணையில் ஒரு குட்டியானை (சிறு சரக்கு வண்டி) வாங்கி நானே ஓட்டுகிறேன். எட்டு மாதத்துக்குள் கியர் பாக்ஸ் இரண்டு முறை போய்விட்டது. ‘மஞ்சள் போர்டு வண்டி என்றாலே வணிக வண்டி, நுகர்வோர் கோர்ட்டில் செல்லாது’ என்கிறார் டீலர். உண்மையா?
– வாசகர், திருப்பூர்

உண்மை இல்லை. மஞ்சள் போர்டு மோட்டார் வாகனச் சட்டத்துக்கான அடையாளம். நுகர்வோர் சட்டம் அதைப் பார்ப்பதில்லை. மறுவிற்பனைக்கோ வணிக நோக்கத்துக்கோ வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று சொல்லும் அதே பிரிவு, கீழே ஒரு விளக்கத்தையும் வைத்திருக்கிறது: ஒருவர் தன் பிழைப்புக்காக, சுயதொழில் செய்வதற்கென்று மட்டுமே பொருளை வாங்கித் தானே பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது.

இதற்கு அடிப்படையான தீர்ப்பு கோவையோடு தொடர்புடையது. பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் ஒரு கடைசல் இயந்திரம் வாங்கிய லட்சுமி இன்ஜினீயரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் கோட்டைத் தெளிவாகப் போட்டது. லாரியை வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர். ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர். லேத் வாங்கித் தானே இயக்குபவரும் அப்படியே. ஓரிருவரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. 1996இல் தீர்ப்பான செங்கல் இயந்திர வழக்கில், ‘தானே’ என்பதில் குடும்பத்தினரும் அடங்குவர் என்று அதே நீதிமன்றம் சொன்னது. எனவே நீங்கள் படுத்துவிட்ட நாட்களில் தம்பி வண்டியை எடுத்தால் கவலை வேண்டாம். இரண்டாவது வண்டி வாங்கி, சம்பளத்துக்கு டிரைவர் போட்டு, நீங்கள் ஆபீஸில் இருந்து கணக்குப் பார்த்தால் நிலைமை வேறு.

2024 மே மாதம் ஒரு சீட்டு நிறுவனத்தின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றையும் தெளிவாக்கியது. வணிக நோக்கத்துக்காகத்தான் வாங்கினார் என்று நிரூபிக்கும் பொறுப்பு, அப்படிச் சொல்லும் எதிர்த்தரப்பையே சேரும்.

இவ்வளவு சாதகமாக இருந்தும் இத்தகைய வழக்குகள் தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் மனுவில்தான் இருக்கிறது. பிழைப்புக்காக வாங்கியதாக ஒரு வரிகூட எழுதாமல், கியர் பாக்ஸ் கதையை மட்டும் பத்துப் பக்கம் எழுதிவிடுகிறார்கள். உங்கள் மனுவின் இரண்டாம் மூன்றாம் பத்தியிலேயே இப்படி எழுதுங்கள்: ‘இந்த வாகனத்தை என் பிழைப்புக்காக, சுயதொழிலாக நானே ஓட்டுவதற்கு மட்டுமே வாங்கினேன். என்னிடம் வேறு வணிக வாகனம் இல்லை. என் குடும்பத்தின் வருமானம் இதிலிருந்துதான் வருகிறது.’ இதற்கு ஆதாரமாக ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. புத்தகம், கடன் ஒப்பந்தம், தவணை கழிந்த வங்கிப் பதிவு ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள்.

பழுதை நிரூபிக்க உதவுவது ஜாப் கார்டு. வண்டியை விடும் ஒவ்வொரு முறையும் தேதி, கிலோமீட்டர், நீங்கள் சொன்ன குறை மூன்றும் அதில் ஏற வேண்டும். ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். ‘மூன்றாம் கியர் விழவில்லை’ என்று எழுதச் சொல்லுங்கள். வெளி ஒர்க்‌ஷாப்பில் கியர் பாக்ஸைப் பிரித்துவிட்டால் உற்பத்திக் குறையை நிரூபிக்கும் வாய்ப்பு அநேகமாகப் போய்விடும். பரிசோதனை தேவைப்படும் குறை என்றால் நுகர்வோர் ஆணையமே (பேச்சுவழக்கில் நுகர்வோர் கோர்ட்) நிபுணர் அறிக்கைக்கு அனுப்பலாம். அதை மனுவிலேயே கேளுங்கள். டீலரோடு தயாரிப்பாளரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள். டீலரை மட்டும் சேர்த்தால், ‘கம்பெனி தந்ததை விற்றேன்’ என்று அவர் கையை விரிப்பார்.

நானும் நண்பரும் கூட்டாக ஆறு கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின் வாங்கினோம். பதினைந்து பேர் வேலை செய்கிறார்கள். இரண்டு மெஷின் முதல் நாளிலிருந்தே சரியில்லை. நாங்களும் சிறுதொழில்தானே?
– வாசகர், கரூர்

சிறுதொழில் என்பதும் சுயதொழில் என்பதும் இந்தச் சட்டத்தில் ஒன்றல்ல. மேலே சொன்ன லட்சுமி இன்ஜினீயரிங் நிறுவனமே பதிவுபெற்ற சிறுதொழில்தான். ஆனாலும் அந்த வழக்கில் அது நுகர்வோர் அல்ல என்றுதான் முடிவானது. கூட்டு வைத்தது உங்களுக்குத் தடை இல்லை. வேலையில்லாத இரண்டு பட்டதாரிகள் கூட்டாகப் போட்டோ அச்சு இயந்திரம் வாங்கித் தாங்களே நடத்திய வழக்கில், 2018இல் உச்ச நீதிமன்றம் அவர்களை நுகர்வோர் என்றே ஏற்றது. உங்களுக்குத் தடையாக இருப்பது அந்தப் பதினைந்து பேர். உழைப்பு உங்களுடையதாக இல்லாமல் முதலீடு மட்டும் உங்களுடையது என்று எதிர்த்தரப்பு காட்டிவிடும்.

‘வாரன்டி காலத்துக்குள் சர்வீஸ் செய்யாதது சேவைக் குறைபாடு, அதற்கு வணிக நோக்கத் தடை கிடையாது’ என்று சிலர் யோசனை சொல்வார்கள். அது பழைய காலத்து வாதம். சேவைக்கும் வணிக நோக்க விலக்கு 2003 மார்ச்சில் வந்துவிட்டது. அதை நம்பி இறங்க வேண்டாம்.

நீங்கள் போக வேண்டியது சிவில் நீதிமன்றம். விற்பனை ஒப்பந்தத்தில் சொன்ன வேலைக்குப் பொருள் தகுதியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தருகிறது. வழக்கை அதன் மேல் கட்டுங்கள். தொகை 3 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் அது வணிக நீதிமன்றத்துக்குப் போகும். அவசரத் தடை எதுவும் கேட்காதபோது, வழக்குக்கு முன் சமரச மையத்தில் மனுக் கொடுப்பது கட்டாயம். அதைச் செய்யாமல் தாக்கல் செய்த வழக்கு வாசலிலேயே நிராகரிக்கப்படும். இன்வாய்ஸின் அடியில் பொடி எழுத்தில் ‘எல்லா வழக்கும் இன்ன ஊர் நீதிமன்றத்துக்கு உட்பட்டது’ என்றோ நடுவர் தீர்ப்பாயம் என்றோ இருக்கிறதா பாருங்கள். சிவில் வழக்கில் அந்த வரி உங்களைக் கட்டும்.

கால வரம்பு மூன்று ஆண்டு. ஏற்கெனவே நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டு, நுகர்வோர் அல்ல என்று தள்ளுபடியாகியிருந்தால் அங்கே போன காலத்தைக் கழித்துக்கொள்ளக் கால வரம்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இடம் தருகிறது. 1995 தீர்ப்பே இந்த வழியைக் காட்டியது. நல்லெண்ணத்தோடு, சுணக்கமில்லாமல் வழக்கை நடத்தினோம் என்று காட்ட வேண்டும். தள்ளுபடி உத்தரவின் சான்றிட்ட நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

எங்களுடையது பிரைவேட் லிமிடெட் கம்பெனி. குடோனில் தீப்பிடித்துச் சரக்கு எரிந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி பாதித் தொகைதான் தருகிறது. கம்பெனிக்கும் நுகர்வோர் சட்டம் பொருந்துமா?
– வாசகர், ஈரோடு

பொருந்தும். இன்சூரன்ஸ் எடுப்பது லாபம் சம்பாதிக்க அல்ல, நேர்ந்த நஷ்டத்தை ஈடுகட்ட. அதனால் தீ இன்சூரன்ஸ் எடுத்த வணிக நிறுவனமும் நுகர்வோர்தான் என்று ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. நர்சுகள் தங்குவதற்கு வீடுகள் வாங்கிய மும்பை மருத்துவமனை டிரஸ்டை 2019இல் நுகர்வோராக ஏற்றதும் இதே அளவுகோலில்தான். வாங்கியதற்கும் லாபம் தரும் வேலைக்கும் நெருங்கிய நேரடித் தொடர்பு உண்டா என்று நீதிமன்றம் பார்த்தது. இயக்குநரின் சொந்த உபயோகத்துக்குக் கம்பெனி பெயரில் வாங்கிய கார்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தியிருக்கிறது.

உங்கள் வழக்கில் கவனம் வேண்டியது வேறு இரண்டு இடங்களில். சேதத்தை மதிப்பிடும் சர்வேயரின் அறிக்கை வந்ததும் ‘முழுமையான இறுதித் தீர்வு’ என்று ஒரு வவுச்சரை நீட்டுவார்கள். அதில் கையெழுத்திட்டாலே உரிமை போய்விடாது. ஆனால் நிர்ப்பந்தத்தாலோ ஏமாற்றப்பட்டோ கையெழுத்திட்டதாக நீங்கள் நிரூபிக்க வேண்டியிருக்கும். ‘ஆட்சேபத்தோடு பெற்றுக்கொள்கிறேன்’ என்று வவுச்சரிலேயே எழுதுங்கள். எழுத விடவில்லை என்றால் அன்றே மின்னஞ்சலும் ஸ்பீடு போஸ்ட்டும் அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்து வக்கீல் நோட்டீஸில் முதல் முறையாக நிர்ப்பந்தம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அடுத்தது காலம். நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடுவதற்கான இரண்டு ஆண்டு வரம்பை இன்சூரன்ஸ் கம்பெனி மறுத்த தேதியிலிருந்து எண்ண வேண்டாம். தீ விபத்து நடந்த தேதியிலிருந்து எண்ணித் தாக்கல் செய்துவிடுங்கள். விபத்துத் தேதியையே வழக்குக்கான காரணம் எழுந்த நாளாகக் கொண்டு, தாமதமான மனுவைத் தள்ளிய தீர்ப்பு உண்டு.

கட்டணமில்லாத இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போக உங்களுக்கு வழி இல்லை. தனிநபர், குழு பாலிசிகளையும், தனி உரிமையாளர் நிறுவனம், குறுந்தொழில் ஆகியவற்றின் பாலிசிகளையும்தான் அவர் விசாரிப்பார். உங்கள் கம்பெனி குறுந்தொழில் வரையறைக்குள் வந்தால் மட்டும் அந்தக் கதவு திறக்கும்.

மூன்று ஏக்கருக்கு வீரிய ஒட்டு மக்காச்சோள விதை வாங்கி விதைத்தேன். கதிரில் மணி பிடிக்கவே இல்லை. விளைச்சலை விற்கத்தானே பயிரிட்டீர்கள், அது வியாபாரம் என்கிறது விதை கம்பெனி.
– வாசகர், பெரம்பலூர்

இந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் 2012இலேயே நிராகரித்துவிட்டது. தேசிய விதைக் கழகத்துக்கு எதிராக விவசாயிகள் தொடுத்த வழக்குகளில், விவசாயம் பிழைப்பு என்றும் விதை வாங்கிய விவசாயி நுகர்வோர் என்றும் தீர்ப்பானது. விளைச்சலைக் கழகமே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தம் இருந்த விவசாயிகளுக்கும் அது பொருந்தியது. விதையை ஆய்வகத்துக்கு அனுப்பவில்லையே என்ற ஆட்சேபமும் நிற்கவில்லை. வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிடுகிற விவசாயியிடம் மாதிரி எங்கே இருக்கும்? கம்பெனிதான் அதே குவியலிலிருந்து (லாட்) மாதிரி எடுத்துப் பரிசோதனைக்குக் கேட்டிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஆதாரம் வயலில் இருக்கிறது, அது காய்ந்துகொண்டே போகும். அறுவடைக்கு முன், இன்றைக்கே, வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்கும் விதை ஆய்வாளருக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். விதைப் பையைத் தூக்கி எறியாதீர்கள். அதில் தைத்திருக்கும் அட்டையில் குவியல் எண், சோதனை நாள், காலாவதி நாள் எல்லாம் இருக்கும். சான்று விதை என்றால் நீல அட்டை. தனியார் வீரிய ஒட்டுகள் பெரும்பாலும் பச்சை அட்டையோடு, உண்மைநிலை விதையாக, அதாவது அரசுச் சான்று இல்லாமல் கம்பெனியே தரத்தை எழுதி ஒட்டும் விதையாக வரும். இரண்டுக்கும் உரிமை ஒன்றே. பில்லில் ரகத்தின் பெயரும் குவியல் எண்ணும் இருக்க வேண்டும். ‘விதை – 1 பை’ என்று மட்டும் எழுதிய துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு எந்தக் குவியல் என்று நிரூபிக்க முடியாது.

கம்பெனி நிச்சயம் சொல்லப்போவது மூன்று: பூக்கும் சமயத்து வெயில், தண்ணீர்க் குறைவு, படைப்புழு. இதற்கு மறுமொழியை ஆய்வு அறிக்கையிலேயே பதிய வையுங்கள். பக்கத்து வயலில் அதே வாரம் விதைத்த வேறு ரகத்தில் மணி பிடித்திருந்தால், அந்த வயலையும் ஆய்வாளர் பார்த்து எழுத வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். இந்த ஒரு வாக்கியம் எங்கள் அனுபவத்தில் எந்த ஆய்வக அறிக்கைக்கும் குறைந்ததல்ல. இழப்பைக் கணக்கிட, கடந்த பருவங்களில் நீங்கள் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலோ வியாபாரியிடமோ போட்ட எடைச் சீட்டுகள், அடங்கல் நகல், உரம், கூலி ரசீதுகள் வேண்டும்.

அம்மாவுக்குத் தனியார் மருத்துவமனையில் அரசுக் காப்பீட்டு அட்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. நாங்கள் பணம் கட்டவில்லை. ‘இலவசமாகச் செய்ததற்கு வழக்கா?’ என்கிறார்கள்.
– வாசகி, மதுரை

நீங்கள் கட்டவில்லையே தவிர, மருத்துவமனைக்குப் பணம் வந்திருக்கிறது. 1995 நவம்பரில் இந்திய மருத்துவச் சங்கத்துக்கும் வி.பி. சாந்தாவுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை வகைப்படுத்தியது. எல்லோருக்கும் எல்லா நேரமும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் இடம் சட்டத்துக்கு வெளியே இருக்கிறது. பெயருக்கு ஒரு சீட்டுக் கட்டணம் வாங்குவதால் அது மாறாது. பணம் கட்டுவோர், கட்டாதோர் இருவரும் வரும் இடத்தில் கட்டாதவரும் நுகர்வோர். செலவை இன்சூரன்ஸ் நிறுவனமோ முதலாளியோ ஏற்றாலும் அது இலவசச் சேவை ஆகாது. அம்மாவின் வழக்கு இந்தக் கடைசி வகையில் நிற்கிறது. தொழிலாளர் சந்தாவில் நடக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளும் சட்டத்துக்குள் வரும் என்று 2007இல் தீர்ப்பு உண்டு.

முதலில் சிகிச்சைப் பதிவேடுகளின் முழு நகலைக் கேட்டு எழுத்தில் கடிதம் கொடுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. அறுவை சிகிச்சைக் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, நர்சுகளின் தினக் குறிப்பு, சம்மதப் படிவம் எல்லாம் வேண்டும். அவற்றை வேறொரு நிபுணரிடம் காட்டி எழுத்தில் கருத்து வாங்கிய பிறகே மனுவை எழுதுங்கள். முடிவு மோசமானதே கவனக்குறைவுக்குச் சாட்சி ஆகாது.

சிங்கப்பூரில் இருக்கும் மகன் ஆன்லைனில் பணம் கட்டி எனக்கு வாஷிங் மெஷின் அனுப்பினான். பில் அவன் பெயரில். நான் புகார் கொடுக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

தாராளமாக. வாங்கியவரின் ஒப்புதலோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர் என்று சட்டமே சொல்கிறது. ஆன்லைன் கொள்முதல் என்பதும் வெளிப்படையாக அதில் இருக்கிறது. மகனிடமிருந்து ‘அம்மாவின் உபயோகத்துக்காக வாங்கினேன்’ என்று ஒரு கடிதமும் பணம் கழிந்த விவரமும் வாங்கி வையுங்கள். விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மெஷின் எங்கிருந்து வந்திருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே மனுப் போடலாம்.

மளிகைக் கடை கரன்ட் அக்கவுன்டில் வங்கி தேவையில்லாத கட்டணங்களைப் பிடிக்கிறது. கடை என் பிழைப்புதான்.
– வாசகர், விருதுநகர்

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. பிழைப்புக்கான சுயதொழில் விளக்கம் பழைய சட்டத்தில் பொருளுக்கும் சேவைக்கும் இருந்தது. 2019 சட்டத்தின் வாசகம் பொருளை மட்டுமே சொல்கிறது. வங்கிச் சேவை பொருள் அல்ல. ஒரு பங்குத் தரகர் தன் தொழிலுக்காக எடுத்த ஓவர்டிராஃப்ட் வழக்கில், அவர் நுகர்வோர் அல்ல என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒருவரே நடத்தும் மளிகைக் கடை அந்த அளவு பெரிய தொழில் இல்லை என்று வாதிடலாம்தான். ஆனால் சில நூறு ரூபாய்க்காக அந்தச் சட்டச் சண்டையை நீங்கள் ஏன் சுமக்க வேண்டும்?

முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் பதியுங்கள். கட்டணம் இல்லை. வணிகக் கணக்கு என்பதற்காகத் தள்ள மாட்டார்கள்.

இடத்தைக் கொடுத்து பில்டரோடு ஜாயின்ட் வென்ச்சர் போட்டேன். என் பங்கு வீடுகளை மூன்று ஆண்டாகத் தரவில்லை. நான் பார்ட்னர், நுகர்வோர் இல்லை என்கிறார்.
– வாசகர், சென்னை

ஒப்பந்தத்தின் தலைப்பில் என்ன போட்டிருக்கிறது என்பது முக்கியம் அல்ல. லாபத்திலும் நஷ்டத்திலும் பங்கு, நிர்வாகத்தில் குரல் ஆகியவை உங்களுக்கு இருந்தால்தான் நீங்கள் கூட்டாளி. இடத்தைக் கொடுத்து, பதிலுக்குக் கட்டிய வீடுகளைப் பெறுவது மட்டுமே ஒப்பந்தம் என்றால், பில்டர் சேவை தருபவர், நீங்கள் நுகர்வோர். 2008இல் ஃபகீர் சந்த் குலாட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். லாபப் பகிர்வு என்று ஒரு பிரிவு இருக்கிறதா என்று ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்துவிட்டு மனுப் போடுங்கள்.

வீடு வாங்கியவர்களும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். இரண்டாவது வீடு வாங்கியதாலேயே ஒருவர் வியாபாரி ஆகிவிட மாட்டார். வீடுகளை வாங்கி விற்பதையே தொழிலாக வைத்திருக்கிறார் என்று பில்டர்தான் காட்ட வேண்டும். ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்துவிட்டதால் நுகர்வோர் ஆணையக் கதவு மூடவில்லை என்று 2020இல் தீர்ப்பானது; இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

வாடகை வீட்டு ஓனர், வக்கீல், காலேஜ், கரன்ட் பில்: இவர்கள் மேல் போகலாமா?
– வெவ்வேறு ஊர்களின் வாசகர்கள்

வாடகைத் தகராறு சேவை ஆகாது. வாடகை நீதிமன்றத்துக்குப் போங்கள். வக்கீல் மேல் முடியாது என்று 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பார் கவுன்சிலில் புகார் செய்யலாம். தேர்வு நடத்தும் வாரியமும் பல்கலைக்கழகமும் சேவை தருபவர்கள் அல்ல என்பது நிலைபெற்ற தீர்ப்பு. 2020இல் தேசிய ஆணையம் கல்வி நிறுவனங்களைப் பொதுவாகவே விலக்கியது, ஆனால் கோச்சிங் சென்டர்களை உள்ளே வைத்தது. எனவே நீட் பயிற்சி மையம் கட்டணத்தைத் திருப்பித் தராவிட்டால் மனுப் போடலாம்.

மின்சாரத்தில் வீட்டு இணைப்பின் தவறான ரீடிங், மீட்டர் பழுது, தாமதமான இணைப்பு ஆகியவற்றுக்குப் போகலாம். முறைகேடான பயன்பாடு என்று மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் கணக்கிட்டு அனுப்பிய பில்லுக்குப் போக முடியாது. இறுதி ஆணை வந்த 30 நாளுக்குள், பாதித் தொகையைக் கட்டி, 127ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்ய வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டுவிட்டு இந்த முப்பது நாளைக் கோட்டைவிடுபவர்கள் நிறைய.

மனுவை எங்கே, எவ்வளவு கட்டிப் போடுவது? வக்கீல் கட்டாயமா?
– வாசகர், தூத்துக்குடி

வக்கீல் கட்டாயம் இல்லை. எந்த ஆணையம் என்பதை நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த தொகைதான் அளவு. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதையும் தாண்டினால் டெல்லியில் தேசிய ஆணையம். இந்த முறை சரியே என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஈரோடு வாசகரின் குடோனில் கோடிக்கணக்கில் எரிந்திருந்தாலும் அவர் கட்டிய பிரீமியம்தான் கணக்கு. அது 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையமே.

கட்டணமும் கொடுத்த தொகையைப் பொறுத்தது. 5 லட்சம் வரை ஒன்றுமில்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000.

மனுப் போடும் முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு முறை பதியுங்கள். பெரிய கம்பெனிகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கிவருவது உண்டு. ஆனால் அங்கே பதிந்ததால் இரண்டு ஆண்டு வரம்பு நின்றுவிடாது. பிறகு 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பி, அது சேர்ந்ததற்கான ஒப்புகையை வைத்திருங்கள். சட்டப்படி கட்டாயம் இல்லை என்றாலும் எதிர்த்தரப்பு தரும் பதிலில் அவர்களுடைய வாதம் முன்கூட்டியே தெரிந்துவிடும். ‘நுகர்வோர் அல்ல’ என்று பதில் வந்தால், அதற்கு மனுவிலேயே விடை எழுதிவிடலாம்.

மனுவில் தேதி வரிசைப்படி நடந்தவை, நீங்கள் எப்படி நுகர்வோர் என்ற பத்தி, கொடுத்த தொகை, வழக்குக்கான காரணம் எழுந்த தேதி, கேட்கும் நிவாரணம் ஆகியவை வேண்டும். அதோடு ஒரு பிரமாணப் பத்திரமும் எண்ணிட்ட ஆவண நகல்களும் சேர வேண்டும். ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். 2025 முதல் அதற்கு இ-ஜாக்ரிதி தளம் இருக்கிறது. எதிர்த்தரப்பு 30 நாளில் பதிலுரை தர வேண்டும், அதிகபட்சம் இன்னும் 15 நாள் நீட்டிக்கலாம். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கொடுக்க ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2020இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. 46ஆம் நாளில் பதிலுரையோடு அவர்கள் வந்தால் எழுந்து ஆட்சேபம் சொல்லுங்கள், அந்த ஆட்சேபம் அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் பதிவாகிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.